தேனிலவுக்குப் பெருநகரம் போகிறோம், எத்தனை நாள் தங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத் தேதி முடிவானதும் தெரிந்தவர்கள் யாராவது என்னைக் கூப்பிட்டு, "பாரிஸுக்கு மூணு நாள் போதுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பாரிஸ் இருந்த இடத்தில் டோக்கியோ வரும், இஸ்தான்புல் வரும்; கேள்வி மட்டும் மாறாது. நான் டிராவல் ஏஜென்ட் இல்லை. ஊர் சுற்றும் பழக்கம் உள்ளவள். என் சொந்தத் தேனிலவில் 9 இரவுக்குள் நாலு நகரங்களைத் திணித்து, எதையும் சரியாகப் பார்க்காமல் வீடு திரும்பியவள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை நாள்?

ஐந்து இரவு. லண்டன், ரோம், டோக்கியோ, நியூயார்க் என்று எந்தப் பெரிய நகரமாக இருந்தாலும், உங்களைப் பற்றி வேறு எதுவும் தெரியாத நிலையில் நான் சொல்வது இதுதான். நான்குக்குக் கீழே இறங்கினால் அவசரம் தொற்றிக்கொள்ளும். ஏழைத் தாண்டினால் அது வேறு வகைப் பயணம். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

நாள் கேட்டால் இரவில் பதில் சொல்கிறாளே என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

"5 நாள் 4 இரவு"ன்னு பேக்கேஜ்ல போட்டிருக்கு. அப்போ அஞ்சு நாள் கிடைக்கும்தானே?

கிடைக்காது. மூன்று நாள் கிடைக்கும். போய் இறங்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: குடியேற்றச் சோதனை வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, அப்புறம் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் பயணம். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவும் முடிந்து ஹோட்டலுக்குப் போனால், பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். கிளம்பும் நாளில் காலை 11, 12 மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்ய வேண்டும். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது.

ஆகவே இரவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் கையில் இருக்கும் முழு நாட்கள். நான் இதைக் காலைகள் என்றுதான் எண்ணுவேன்: பெட்டி, டாக்ஸி, ரயில் நேரம் எதுவும் மனதில் ஓடாமல் கண்விழிக்கிற காலை எத்தனை? 4 இரவில் அது 3. 2 இரவில் ஒன்றே ஒன்று.

பார்க்க வேண்டிய இடம் 22 லிஸ்ட் போட்டு வெச்சிருக்கோம். அதை வெச்சே நாளைக் கணக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த 22-ஐ அடித்துத் திருத்திய பிறகு. இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், இதைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படுவேன் என்று தோன்றும் ஐந்து இடங்களை மட்டும் எழுதுங்கள். இரண்டு தாளிலும் பொதுவாக இரண்டு, மூன்று இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஏழு அல்லது எட்டு வரும். மீதி இடங்கள் எல்லாம் யாரோ சொன்னதற்காகப் பட்டியலில் ஏறியவை. போகிற வழியில் தட்டுப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று வையுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "ரெண்டே ரெண்டா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருப்பவை மட்டும் சுமார் 35,000. ரோமில் போர்கேசே அரண்மனைக் காட்சியகத்தில் முன்பதிவு செய்தவர்களை இரண்டு இரண்டு மணி நேரமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது கால் கெஞ்சும். நடுவில் சாப்பாடு, ஒரு தெருவில் காரணமில்லாமல் நடப்பது, அறைக்குத் திரும்பிக் கொஞ்சம் படுப்பது. இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா?

எட்டு இடம் என்றால் நான்கு முழு நாள். அதோடு ஒரு வெற்று நாள். ஐந்து முழு நாளுக்கு ஆறு இரவு. இரண்டு இடங்களை விட்டுவிட மனம் வந்தால் ஐந்து இரவு. முதல் பதிலில் சொன்ன எண் இங்கிருந்துதான் வந்தது.

வெற்று நாளா? அவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு ரூம்ல சும்மா உக்காரவா?

ஆமாம். தேனிலவுதானே போகிறீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய சில வாரங்களில் இருவரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். விமானம் ஏறியதும் அந்தக் களைப்பு போய்விடாது, கூடவே வரும். புது இடத்தில் முதல் இரவுத் தூக்கமும் அரைகுறைதான். 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருக்கிறது என்று கண்டார்கள். காவலுக்கு ஒரு ஆள் முழித்திருப்பது போல. ஹோட்டல் மெத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெற்று நாளைக் கடைசியில் வைக்காதீர்கள், மூன்றாம் நாள் வையுங்கள். கடைசியில் வைத்தால் விட்டுப்போனதை எல்லாம் அதில் கொண்டுபோய்க் கொட்டுவீர்கள். நடுவில் இருந்தால் மழை, காய்ச்சல், செருப்புக் கடி, சின்னச் சண்டை எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். எதுவும் நடக்கவில்லையா? கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி வரை தூங்குங்கள்.

நேர வித்தியாசம் ஏழு எட்டு மணி நேரம் இருக்கு. அதுக்குத் தனியா நாள் ஒதுக்கணுமா?

ஒதுக்கத்தான் வேண்டும். உடலின் உள் கடிகாரம் கிழக்கு நோக்கிப் போனால் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். மேற்கு நோக்கிப் போனால் கொஞ்சம் வேகமாக நகரும். நம் உள் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்பதால், நாளை நீட்டுவது அதற்கு எளிது, சுருக்குவது கடினம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஓர் இரவு கூட்டிக்கொள்ளுங்கள். கிழக்கே போகிறவர்கள் கட்டாயம்.

மேற்கே போனவர்கள் முதல் இரண்டு நாள் அதிகாலை மூன்று, நாலு மணிக்கே விழித்துக்கொள்வார்கள். அதைப் பெரிய நகரத்தில் நல்லபடியாகவே பயன்படுத்தலாம். பகலில் கூட்டம் நெரியும் பாலங்களும் சதுக்கங்களும் அந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும். மாலை ஏழு மணிக்கு விலை உயர்ந்த இரவு விருந்தை மட்டும் முதல் நாளில் பதிவு செய்துவிடாதீர்கள். தட்டுக்கு முன்னால் தூங்கி விழுந்த ஒரு மணமகனை எனக்கு நன்றாகத் தெரியும். இன்றும் அவர் அதை மறுக்கிறார்.

எந்த ஊரா இருந்தாலும் அதே அஞ்சு இரவுதானா?

இல்லை, அது தொடக்கப் புள்ளி. பாரிஸ் நகர எல்லைக்குள் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். பெருலண்டன் கிட்டத்தட்ட 1,570. டோக்கியோவின் மையப் பகுதியான 23 வட்டங்கள் மட்டும் 620-க்கு மேல். பாரிஸில் ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். லண்டனிலும் டோக்கியோவிலும் நாளில் கணிசமான நேரம் ரயிலுக்குள் போகும். அதனால் பாரிஸுக்கு நான்கு இரவு என்று யாராவது பிடிவாதமாக நின்றால் விட்டுக்கொடுத்துவிடுவேன். டோக்கியோவுக்கு நான்கு என்றால் வாதாடுவேன்.

இஸ்தான்புல் இரண்டு கண்டங்களில் கிடக்கும் ஊர். நடுவில் ஓடும் பாஸ்பரஸ் நீரிணையைப் படகில் கடந்து ஆசியக் கரைக்குப் போய்த் திரும்புவதே ஒரு மாலையைச் சாப்பிடும். சாப்பிடட்டும் என்றுதான் சொல்வேன். வெனிஸ், ஃபுளோரன்ஸ் போன்றவை பெயரில்தான் பெரியவை. அவற்றுக்கு மூன்று இரவு தாராளம்.

பக்கத்து ஊருக்கு ஒரு நாள் போய்ட்டு வர்றது அந்தக் கணக்குல சேருமா?

சேராது. அதற்கு ஒரு முழு நாளைத் தனியாக எழுதுங்கள். பாரிஸிலிருந்து வெர்சாய், டோக்கியோவிலிருந்து காமகுரா அல்லது நிக்கோ, ரோமிலிருந்து நேபிள்ஸ், எல்லாம் ரயிலில் போய்த் திரும்பக் கூடியவைதான். ஆனாலும் திரும்பி வந்த பிறகு மாலையில் இன்னொன்றைப் பார்க்கத் தெம்பு இருக்காது. ஐந்து இரவுக்கு இப்படி ஒன்று சரி. இரண்டு என்றால் நீங்கள் பார்க்க விரும்புவது அந்த நகரத்தையா, சுற்றியுள்ள ஊர்களையா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எந்தக் கிழமையில போய் இறங்கினா நல்லது?

இது கேட்க வேண்டிய கேள்வி, பெரும்பாலானோர் கேட்பதில்லை. எங்கள் தேனிலவில் ஒரு நகரத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு முழு நாள். அன்றைக்கு ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். வார விடுமுறையாம். குற்றம் முழுக்க எங்கள் பேரில்தான். பார்க்காமல் போனது நாங்கள்.

பாரிஸில் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இஸ்தான்புல்லில் தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய், பெரிய மூடுசந்தைக்கு ஞாயிறு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் புதன். இப்போது புரிந்திருக்கும்: ஞாயிறு மாலை பாரிஸில் இறங்கி, புதன் காலை கிளம்பினால் மூன்று இரவு, இரண்டு முழு நாள். அந்த இரண்டுமே திங்களும் செவ்வாயும். ஐந்து இரவு தங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, எந்தக் கிழமையில் இறங்கினாலும் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

அதோடு, சில இடங்களுக்கு டிக்கெட் கிடைக்கும் நாள்தான் உங்கள் நாள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் மட்டுமே டிக்கெட், ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய வாரத்துக்குத் திறப்பார்கள். இப்படி ஒன்று பட்டியலில் இருந்தால் அதை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி வையுங்கள்.

மொத்தம் 9 இரவு இருக்கு. ரெண்டு நகரமா, மூணு நகரமா?

இரண்டு. ஐந்தும் நான்கும்.

கணக்கு எளிது. ஒவ்வொரு நகரத்திலும் இரவில் ஒன்று கழிகிறது என்று பார்த்தோம் அல்லவா? ஒன்பது இரவு ஒரே நகரம் என்றால் எட்டு முழு நாள். இரண்டு நகரம் என்றால் ஏழு. மூன்று என்றால் ஆறு. நாங்கள் செய்தது போல நான்கு என்றால் ஐந்து. நாலு நகரத்தையும் பார்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நான்கு ரயில் நிலையங்களை நன்றாகப் பார்த்தோம்.

"லண்டன்ல இருந்து பாரிஸ் ரெண்டேகால் மணி நேரம்தானே" என்பார்கள். ரயில் ஓடும் நேரம் அதை ஒட்டித்தான். அதற்கு முன் அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், பாஸ்போர்ட் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் முடித்து, அந்தப் பக்கம் இறங்கி மெட்ரோவில் பெட்டியை இழுத்து, புது ஹோட்டலில் அறை தயாராகும் வரை உட்கார்ந்திருந்தால் ஆறு, ஏழு மணி நேரம் ஓடிவிடும். இரண்டு நகரம் என்று முடிவானால் ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து ஏறுகிற மாதிரி விமான டிக்கெட் எடுங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் இன்னொரு நாள் மிச்சம்.

நகரமும் வேணும், கடற்கரையும் வேணும். எது முதல்ல?

களைப்பாக இருக்கிறீர்கள், அதனால் கடற்கரை முதலில். நகரம் கடைசியில். இறங்கிய ஊரில் ஓர் இரவு படுத்து எழுந்து, மறுநாள் தீவுக்கோ கடலோரத்துக்கோ போய் நான்கு இரவு, பிறகு நகரத்துக்குத் திரும்பி நான்கு இரவு. ஓய்ந்து திரும்பிய உடம்புக்கு நகரத்தின் சத்தம் உறுத்தாது.

நகரத்தைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காற்று. கிரேக்கத்தில் ஏதென்ஸ், சாண்டோரினித் தீவு என்று போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்ட்டில் வீசும் மெல்டெமி என்ற வடக்குக் காற்றை மனதில் வைக்க வேண்டும். அது பலமாக அடித்தால் படகுகள் நின்றுவிடும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் இருப்பது வேண்டாத வம்பு. எந்தத் தீவுக்கும் இது பொருந்தும்.

மே மாசம் போறதும் டிசம்பர்ல போறதும் ஒரே நாள் கணக்கா?

பகல் நீளம் வேறாயிற்றே. லண்டனில் ஜூன் மூன்றாம் வாரத்தில் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும். தோட்டம், பாலம், ஆற்றங்கரை எல்லாம் பகலிலேயே பார்க்க வேண்டும் என்றால் ஓர் இரவு கூட்டுங்கள். மின்விளக்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சூடான மேசையும் போதும் என்றால் கூட்ட வேண்டாம். தேனிலவுக்குக் குளிர்காலம் மோசமில்லை என்பது என் கட்சி.

கோடையில் எதிர்த் தொல்லை. ரோமில் ஆகஸ்ட் நடுப்பகல் வெயிலில் இடிபாடுகளுக்கு நடுவே நடப்பது தண்டனை. பன்னிரண்டு முதல் நாலு வரை அறைக்குள் இருப்பது போலத் திட்டமிட்டால், நாளுக்கு இரண்டு இடம் என்ற கணக்கு அப்படியே நிற்கும். ஜப்பானுக்குப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் நாடே பயணத்தில் இருக்கும்.

நாள் எண்ணிக்கைக்கும் விசாவுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஐரோப்பாவில் இருக்கிறது. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உங்களுடையது, ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக் கூடிய ஐரோப்பிய நாடுகள்) இரண்டு நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், பயணத்தின் முதன்மை நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாவில் அது பொதுவாக அதிக நாள் தங்கும் நாடு. பாரிஸில் நான்கு, ரோமில் ஐந்து என்றால் இத்தாலி. இரண்டிலும் சமமாகத் தங்கினால் முதலில் நுழையும் நாடு. ஆகவே இரவுகளை முதலில் பிரித்துக்கொண்டு, விண்ணப்பத்தை அப்புறம் தொடங்குங்கள். விண்ணப்பித்த பிறகு ரோமில் ஒன்றைக் குறைத்துப் பாரிஸில் இரண்டைக் கூட்டுவது சிக்கல்.

ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற உச்சவரம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். தேனிலவுக்கு அது எட்டாது. எட்டுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சுற்றுலா பாஸ் வாங்கினா நாளைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

பாஸுக்காக நாளை மாற்றவே கூடாது. பாரிஸ் மியூசியம் பாஸ் இரண்டு, நான்கு, ஆறு நாள் என்ற அளவுகளில் வருகிறது. நான்கு நாள் பாஸ் கையில் இருந்தால் நாலு நாளும் போட்ட காசை எடுக்க வேண்டும் என்று ஓடுவீர்கள். நாளுக்கு இரண்டு இடம் பார்க்கிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே பல சமயம் லாபம், கூட்டிப் பாருங்கள்.

போக்குவரத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். பாரிஸ் மெட்ரோவின் வாராந்திர பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும். லண்டனில் வங்கி அட்டையைத் தட்டிப் போகும்போது பொருந்தும் வாராந்திர உச்சவரம்பும் அதே திங்கள்-ஞாயிறு. வியாழக்கிழமை இறங்குகிறவருக்கு இரண்டிலும் பெரிய பலன் இல்லை.

பட்ஜெட் இறுக்கம். நல்ல ஹோட்டல்ல மூணு இரவா, சுமாரான ஹோட்டல்ல அஞ்சு இரவா?

சுமாரான ஹோட்டலில் ஐந்து, ஆனால் நகர மையத்தில். மையத்தில் இருந்தால் மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம். ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஆடம்பர அறைக்கு இரவுதான் திரும்புவீர்கள், அதன் அழகை இருட்டில் பார்ப்பீர்கள். அறையே உங்கள் தேனிலவு, ஊர் ஒரு சாக்குதான் என்றால் விடை தலைகீழ்: நல்ல ஹோட்டலில் மூன்று இரவு. அதிலும் தப்பில்லை.

கடைசி இரவுக்கு மட்டும் ஆடம்பர ஹோட்டலுக்கு மாறலாமா என்ற யோசனை பலருக்கு வருகிறது. ஊருக்குள்ளேயே ஹோட்டல் மாற்றினாலும் அரை நாள் போகும். தெரிந்தே செய்யுங்கள்.

விமானம் மாறும் ஊர்ல 14 மணி நேரம் இருக்கோம். அதையும் ஒரு நகரமா சேர்த்துக்கலாமா?

போகும்போது வேண்டாம், வரும்போது பார்க்கலாம். போகும்போது இருவருக்கும் தூக்கம்தான் தேவை. 24 மணி நேரத்துக்கு உட்பட்டால் அது பொதுவாக டிரான்சிட், பெட்டி நேராகப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் என்றால் இடைத்தங்கல், டிக்கெட் விலையும் விசா விதியும் வேறாகலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் மாறிச் செல்லும் பயணிகளுக்கு இலவச நகரச் சுற்றுலா நடத்துகிறது. அந்த மாதிரி ஒரு மூன்று மணி நேரம் சரி. அதை "சிங்கப்பூர் பார்த்தாச்சு" என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மியூசியம் பைத்தியம். அவருக்குக் காலைல எட்டு மணி தாண்டியும் தூங்கணும். எப்படி நாள் பிரிக்கிறது?

நாளைப் பிரிக்க வேண்டாம், ஒரு காலையைப் பிரியுங்கள். அவர் தூங்கட்டும், நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். மதியம் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளலாம். "ஹனிமூன்ல தனியாவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஒட்டிக்கொண்டு இருப்பது இருவருக்கும் புதுசு, மூன்றாம் நாளில் மூச்சு முட்டும். பிரிந்திருந்த மூன்று மணி நேரத்தில் பார்த்ததைச் சொல்வதற்கு மதியச் சாப்பாட்டில் விஷயமும் கிடைக்கும். ஐந்து இரவுக்கு இப்படி ஒரு காலை போதும்.

அந்த ஊர்ல என் வீட்டுக்காரரோட அத்தை இருக்காங்க. "நம்ம வீடு இருக்கும்போது ஹோட்டல் எதுக்கு"ங்கிறாங்க. அங்கேயே பத்து நாள் தங்கிடலாமா?

தங்கலாம், ஆனால் அதற்குப் பெயர் அத்தை வீட்டுக்குப் போவது. அன்பானவர்கள்தான், அதுதான் சிக்கலே. காலை எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் பத்து மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியுமா? ஐந்து இரவு ஹோட்டலில் தங்கிவிட்டு, கடைசி இரண்டு இரவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஊரைப் பார்த்து முடித்த பிறகு போவதால் அவர்களோடு நிதானமாக உட்கார்ந்து பேசலாம். முதலில் அங்கே போனால் உங்கள் திட்டத்தை அவர்கள் போட்டுத் தருவார்கள். யார் பேசுவது? அவருடைய அத்தை, அவரே பேசட்டும்.

எங்களுக்கு லீவு நிறைய இருக்கு. ஒரே நகரத்துல பத்து நாள்னா போர் அடிக்குமா?

பட்டியலை வைத்துக்கொண்டு போனால் அடிக்கும். ஆறாம் நாளுக்குப் பிறகு பட்டியல் தீர்ந்துபோய்ப் பழக்கங்கள் தொடங்கும்: அதே மூலைக் கடையில் காலைக் காபி, பெயர் தெரியாவிட்டாலும் தலையசைக்கும் கடைக்காரர், வரைபடம் பார்க்காமல் வீடு திரும்புவது. சமையலறை உள்ள ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் எடுங்கள். ஏழு இரவுக்கு மேல் தங்கினால் பல இடங்களில் வாடகையில் தள்ளுபடியும் தருவார்கள். இருவரும் சேர்ந்து முதல்முதலாகக் குடித்தனம் நடத்திப் பார்க்கும் ஒத்திகை மாதிரி இருக்கும். மறுபடி ஒரு தேனிலவு கிடைத்தால் நான் இதைத்தான் செய்வேன்.

விடுமுறை நீளம் பற்றி ஓர் ஆய்வும் உண்டு. நெதர்லாந்தில் 54 ஊழியர்களின் நீண்ட விடுமுறையைப் பின்தொடர்ந்து பார்த்ததில், அவர்களின் நலவுணர்வு எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டதாம். சின்ன ஆய்வு, அதுவும் தேனிலவைப் பற்றியது அல்ல. இருந்தாலும் "பத்து நாள் ரொம்ப ஜாஸ்தி" என்று வீட்டில் யாராவது சொன்னால் காட்டலாம்.

போன பிறகு "போதும்"னு தோணினா? இல்ல "இன்னும் வேணும்"னு தோணினா?

இரண்டுக்கும் இடம் வைத்து முன்பதிவு செய்யலாம். முதல் மூன்று இரவை மலிவான, திருப்பித் தராத கட்டணத்திலும், அடுத்த இரண்டை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலும் எடுங்கள். ரத்து செய்வதற்கான கடைசி நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள், பெரும்பாலும் அது தங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே முடிந்துவிடும். ஒரே ஹோட்டலில் இரண்டு பதிவு என்றால் போனதும் வரவேற்பு மேசையில் சொல்லி இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அறை மாறச் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்து ஐந்து இரவு போட்டவர்களில் முன்கூட்டியே கிளம்பியவர்கள் யாரும் இல்லை. மூன்று போட்டவர்கள்தான் நீட்டிக்க முடியுமா என்று அலைந்தார்கள்.

அறை காலி பண்றது 11 மணிக்கு, ஃபிளைட் ராத்திரி 11 மணிக்கு. நடுவுல என்ன பண்றது?

இரண்டாம் பதிலில் கிளம்பும் நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இது அதற்கு விதிவிலக்கு: இலவசமாகக் கிடைத்த முக்கால் நாள். பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலான இடங்களில் வாங்கி வைப்பார்கள். காசு இருந்தால் மாலை வரை அறையை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள். இரவு விமானத்துக்கு முன் குளித்து உடை மாற்றுவது ஒரு வரம்.

புது இடம் எதையும் இந்த நாளில் வைக்காதீர்கள். ஒரு நிகழ்வு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் முடிவுமே நினைவில் அதிகம் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் சோதனைகள் வழியே காட்டியிருக்கிறார். கடைசி மாலையை ஓடிக் கழித்தால் ஓட்டம்தான் ஞாபகத்தில் நிற்கும். இந்த ஐந்து நாளில் இருவருக்கும் பிடித்துப்போன ஒரு இடம் இருக்குமே, ஒரு பெஞ்சோ படித்துறையோ, அங்கேயே மறுபடி போய் உட்காருங்கள். விமான நிலையத்துக்கு ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்.